அணைத்து வைத்திருந்த போனை ஏழு மாதம் பூட்டி வைக்க யார் அதிகாரம் கொடுத்தது?

காவிரிக்கரை | இரவு 9:12
நேற்று அரையாண்டு விடுமுறை இழையில் கரும்பலகை என்பவர் போகிற போக்கில் ஒன்று எழுதிவிட்டுப் போனார். மாணவனிடமிருந்து ஆசிரியர் வாங்கி வைத்த பொருளை எப்போது திருப்பிக் கொடுப்பது என்பது ஆசிரியர் விருப்பமாம், பெற்றோர் வந்து கேட்பதே ஒழுங்கீனமாம். அதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் தனி இழை.

என் மகள் அப்போது 11-ஆம் வகுப்பு. டெல்டா பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளி. பெயர் வேண்டாம், அவள் இன்னும் அங்கேதான் படிக்கிறாள். ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பள்ளி விட்டதும் டியூஷன், அது முடிய ஏழரை ஆகும். டவுன் பஸ் வராவிட்டால் நான் வண்டி எடுத்துக்கொண்டு ஓட வேண்டும், அதற்கு அவள் எனக்குச் சொல்ல வேண்டும். அதற்காக 6,500 ரூபாயில் ஒரு போன். பள்ளி வாசலிலேயே அணைத்து, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுவாள். ஆகஸ்டில் ஒருநாள் திடீரென்று பை சோதனை, போன் அகப்பட்டது. அணைத்து இருந்தது. வகுப்பில் எடுக்கவில்லை, மணி அடிக்கவில்லை. வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். திரும்பக் கிடைத்தது மார்ச்சில். பேட்டரி உப்பிப் பின்மூடி பிளந்து கிடந்தது. நடுவில் மூன்று முறை போனேன். முதல் முறை ஹெச்.எம். மீட்டிங்கில் இருந்தார், இரண்டாம் முறை சாவி வைத்திருந்த ஆசிரியை விடுப்பு, மூன்றாம் முறை "ஆண்டு முடியட்டும் பார்க்கலாம்" என்றார்கள். அந்த ஏழு மாதமும் இருட்டில் பஸ் நிறுத்தத்தில் நின்றவள் என் மகள். அணைத்து வைத்திருந்த போன் யாருக்கு என்ன கெடுதல் செய்தது?

கரும்பலகை | இரவு 9:40
என் பெயரைச் சொல்லி இழை தொடங்கியதால் வருகிறேன். 26 வருடம் கணக்கு நடத்தியவன், இன்னும் நடத்துகிறவன். "அணைத்து இருந்தது" என்கிறீர்கள். நீங்கள் பார்த்தீர்களா? பிள்ளை சொன்னது, நீங்கள் நம்பினீர்கள். என்னிடம் அகப்பட்ட ஒவ்வொரு பிள்ளையும் இதையேதான் சொல்லியிருக்கிறான். அணைத்திருந்தால் அது பையில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? மணி அடித்திருக்கும், அல்லது யாரோ பார்த்துச் சொல்லியிருப்பார்கள். காரணமில்லாமல் யாரும் பையைத் திறப்பதில்லை.

2022 மே மாதம் அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழியே சொன்னார், பள்ளிக்குப் போன் கொண்டு வந்தால் பறிமுதல்தான், திருப்பித் தரப்படாது என்று. உங்களுக்குத் திருப்பித் தந்திருக்கிறார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும் நீங்கள்.

காவிரிக்கரை | இரவு 9:51
நன்றியா? உப்பிப்போன பேட்டரிக்கா? திடீர் பை சோதனை என்று எழுதியிருக்கிறேன், படிக்காமலேயே பதில் எழுதுகிறீர்கள். 43 பிள்ளைகளின் பையையும் மேஜை மேல் கொட்டச் சொன்னார்கள். பெண் பிள்ளைகளின் பை. அதில் என்னென்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? மணி அடித்து அகப்படவில்லை. அணைத்து இருந்தது.

அமைச்சர் சொன்னதையும் படித்தேன். பத்திரிகைக்காரர்களிடம் சொன்ன பேச்சு சட்டம் ஆகிவிடுமா? அப்படியானால் மேடையில் சொன்னதெல்லாம் நடந்திருக்க வேண்டுமே.

பின்பெஞ்சு | இரவு 10:03
எனக்கு இந்த விஷயத்தில் இன்னும் ஆறாத கோபம் உண்டு. 2006-இல் ஏழாம் வகுப்பு. என் டிரம்ப் கார்டு கட்டு முழுவதையும் சமூக அறிவியல் சார் வாங்கிக்கொண்டார். வகுப்பில் விளையாடினோம், வாங்கினார், அது சரி. ஆண்டுக் கடைசியில் தருகிறேன் என்றார். தரவில்லை. அடுத்த வருடம் அவர் பையன் எங்கள் தெருவில் அதே கட்டை வைத்து விளையாடினான். ஒரு கார்டின் மூலையில் என் இனிஷியல், நீல மையில். எதுவும் கேட்க முடியவில்லை, அவர்தான் வகுப்பாசிரியர்.

கரும்பலகை | இரவு 10:10
ஓர் ஆசிரியர் செய்த தவறுக்கு மொத்த ஆசிரியர்களையும் திருடர் ஆக்காதீர்கள்.

பின்பெஞ்சு | இரவு 10:11
திருடர் என்ற சொல்லை நான் எழுதவில்லை. நீங்கள்தான் எழுதினீர்கள்.

சட்டப்புத்தகம் | இரவு 10:26
இரண்டு பக்கமும் ஆத்திரத்தில் பேசுகிறீர்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் திருட்டு 303-ஆம் பிரிவு, பொருளை நேர்மையின்றித் தனதாக்குவது 314. இரண்டுக்கும் "நேர்மையற்ற எண்ணம்" வேண்டும், அதாவது ஒருவருக்கு முறைகேடான லாபம் அல்லது இன்னொருவருக்கு முறைகேடான நஷ்டம் ஏற்படுத்தும் நோக்கம். ஒழுங்குக்காக வாங்கி வைத்த ஆசிரியர் மேல் இது சுலபத்தில் நிற்காது. டிரம்ப் கார்டு கதை வேறு, அது நிற்கக்கூடும்.

ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது. 1978-இல் அரசியலமைப்பின் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்துவிட்டு 300-ஏ பிரிவில் வைத்தது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்பது அது. அரசுப் பள்ளி என்றால் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். ஒருநாள் வாங்கி வைப்பது வேறு, ஏழு மாதம் என்பது வேறு.

2025-இல் டெல்லி உயர் நீதிமன்றம், நீதிபதி அனூப் ஜெய்ராம் பம்பானி, ஒரு கேந்திரிய வித்யாலயா மாணவர் வழக்கில் வழிகாட்டிக் குறிப்புகள் கொடுத்தார். பள்ளியில் ஸ்மார்ட்போனுக்கு முழுத் தடை விரும்பத்தக்கதும் அல்ல, நடைமுறைக்கு ஏற்றதும் அல்ல என்றார். வாய்ப்புள்ள இடத்தில் காலையில் வாங்கிப் பத்திரமாக வைத்து, வீட்டுக்குப் போகும்போது கொடுக்கலாம் என்றார்.

கரும்பலகை | இரவு 10:38
அதே தீர்ப்பில் விதியை மீறினால் பறிமுதல் செய்யலாம் என்றும் இருக்கிறது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? டெல்லி தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

காவிரிக்கரை | இரவு 10:41
கட்டுப்படுத்தாது என்று சொல்லிக்கொண்டே அதிலிருந்து உங்களுக்கு வேண்டிய வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள். "வீட்டுக்குப் போகும்போது கொடுக்கலாம்" என்பதைப் படியுங்கள். அதைத்தானே நான் கேட்டேன். காலையில் நீங்களே வாங்கி வையுங்கள், நாலேகாலுக்குக் கொடுங்கள். அதைக்கூடச் செய்ய மாட்டீர்கள்.

கரும்பலகை | இரவு 10:55
1,100 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் காலை ஒன்பது மணிக்கு வாசலில் நின்று போன் வாங்கி, பெயர் எழுதி, மாலையில் அதே ஆளிடம் கொடுக்க எத்தனை பேர் வேண்டும் தெரியுமா? ஒன்று மாறிப்போனால், ஒன்று உடைந்தால் யார் பணம் கொடுப்பது? நாங்கள்தான். 20,000 ரூபாய் போனை உடைத்துவிட்டீர்கள் என்று சண்டைக்கு வருவதும் உங்களைப் போன்ற பெற்றோர்தான்.

எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கியதை ஒருவன் படம் எடுத்தான். சாயங்காலத்துக்குள் அது மூன்று வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது, கீழே எழுதியிருந்ததை இங்கே எழுத முடியாது. அந்தப் பிள்ளை பிறகு பள்ளிக்கு வரவேயில்லை, டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் அம்மா என் காலைப் பிடித்து அழுதார். அந்தப் பையனின் போனும் காலையில் "அணைத்து"தான் இருந்தது ஐயா.

காவிரிக்கரை | இரவு 11:04
அந்தப் பிள்ளைக்கு நடந்தது கொடுமை. அந்தப் பையனைப் பிடியுங்கள், அவன் போனைப் பிடுங்குங்கள், போலீசில் கொடுங்கள், நான் உங்களோடு வந்து நிற்கிறேன். ஆனால் அவன் செய்ததற்கு என் மகள் ஏழு மாதம் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? அவள் அணைத்து வைத்திருந்தாள். நீங்கள் சொன்ன கதையில் போனை எடுத்தான், படம் பிடித்தான். என் மகள் எடுக்கவே இல்லை. இந்த வித்தியாசம் கணக்கு வாத்தியாருக்குப் புரியவில்லை என்றால் எப்படி?

2020-இல் பள்ளி மூடியபோது போன் வாங்கிக் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் பாடம் வரும் என்று சொன்னது யார்? நீங்கள்தான். என் மனைவி தோட்டை அடகு வைத்தாள். அப்போது போன் வரம், இப்போது அதே போன் பாவமா?

கரும்பலகை | இரவு 11:09
கொரோனாவை இழுக்காதீர்கள். ஆல் பாஸ் இழையிலேயே உங்களை எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்தது சரி என்று நாற்பது பதிவு போட்டவர் நீங்கள். எதற்கும் ஒழுங்கு வேண்டாம் என்பதுதான் உங்கள் கொள்கை.

காவிரிக்கரை | இரவு 11:13
இருபத்திரண்டு பதிவு. எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அந்த இழையில் பதில் சொல்ல முடியாமல் போனீர்கள், அதை இங்கே தீர்த்துக்கொள்கிறீர்கள்.

ஒற்றெழுத்து | காலை 6:20
இரண்டு பேருக்கும் ஒரு வேண்டுகோள். "பறிமுதல்" என்ற சொல்லை இந்த இழையில் எல்லோரும் இஷ்டத்துக்குப் போடுகிறீர்கள். முதலையே பறித்துக்கொள்வதுதான் பறிமுதல், திருப்பித் தரும் எண்ணம் அதில் இல்லை. மாலையில் தருவதாக இருந்தால் "வாங்கி வைத்தல்" என்று எழுதுங்கள்.

கரும்பலகை | காலை 7:02
இது தமிழ் வகுப்பு இல்லை.

ஒற்றெழுத்து | காலை 7:05
ஆசிரியர் வாயிலிருந்து இப்படி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொல் தெளிவாக இருந்தால் இந்தச் சண்டையில் பாதி இருக்காது.

நெல்லைக்காரி | காலை 7:44
நானும் ஆசிரியைதான், தாமிரபரணிக் கரையில். போன் பற்றி நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். நான் வாங்கி வைப்பது கயிறு. மஞ்சள், சிவப்பு, பச்சை என்று பையன்கள் கையில் கட்டிக்கொண்டு வரும் சாதிக் கயிறு. எந்த நிறம் யாருடையது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். 2019-இல் பள்ளிக்கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார், உடனே எதிர்ப்பு வந்தது, அப்போதைய அரசு பின்வாங்கியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ பையனை அவன் வீட்டுக்குள் புகுந்து அவனோடு படித்தவர்களே வெட்டினார்கள், தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு வைத்தார்கள். 2024 ஜூன் மாதம் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறும் மோதிரமும் நெற்றிக் குறியும் பள்ளியில் கூடாது என்று பரிந்துரை இருக்கிறது.

கயிற்றை நான் வெட்டித்தான் எடுப்பேன். திருப்பித் தர மாட்டேன். எந்த அப்பா வந்து நின்றாலும் தர மாட்டேன். வந்து நின்றும் இருக்கிறார்கள், ஆறு பேர், வண்டியில். அதனால் "பிள்ளையின் பொருளில் கை வைக்காதே" என்று மொத்தமாக எழுதுகிறவர்கள் எங்கள் ஊருக்கு வந்து ஒரு வாரம் பாடம் நடத்திப் பாருங்கள்.

வேல்மணி77 | காலை 8:15
கோயிலில் கட்டிய கயிற்றையும் சாதிக் கயிறு என்று வெட்டுகிறீர்களே டீச்சர், அதற்கு என்ன பதில்? என் தம்பி மகனுக்குத் திருச்செந்தூரில் கட்டியதை வெட்டிவிட்டார்கள். பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை.

நெல்லைக்காரி | காலை 8:31
திருச்செந்தூரில் கட்டியதா, தெருமுனையில் சங்கத்துக்காரர் கட்டியதா என்று எனக்குத் தெரியும். 14 வருடம் இதே ஊரில் இருக்கிறேன்.

வேல்மணி77 | காலை 8:33
எப்படித் தெரியும்? கயிறு பேசுமா?

நெல்லைக்காரி | காலை 8:40
ஒரே பெஞ்சில் நாலு பேர் ஒரே நிறம், பக்கத்துப் பெஞ்சில் நாலு பேர் வேறு நிறம், நடுவில் ஒருவன் கயிறே இல்லாமல் தனியாக உட்கார்ந்திருப்பான். பேசும்.

காவிரிக்கரை | காலை 9:20
நெல்லைக்காரி டீச்சருக்கு வணக்கம். நீங்கள் செய்வது சரி. கயிறு பக்கத்தில் இருப்பவனை அடிக்கும் பொருள். அணைத்து வைத்திருந்த போன் யாரை அடித்தது? உங்கள் நல்ல காரியத்தின் நிழலில் கரும்பலகை போன்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள நான் விட மாட்டேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. ஏழு மாதம், எந்த விதியில் இருக்கிறது?

பனங்காடு | பகல் 1:15
நான் யாழ்ப்பாணத்தில் படித்தவன், இப்போது லண்டனில் இருக்கிறேன், இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் படிக்கினம். இங்கிலாந்தில் இதைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டுக் கல்வி மற்றும் ஆய்வுச் சட்டம், 94-ஆம் பிரிவு. தண்டனையாக நியாயமான முறையில் எடுத்து வைத்த பொருள் தொலைந்தாலோ பழுதானாலோ ஆசிரியர் மேல் வழக்குப் போட ஏலாது. என்ர மகளின் போனை ஒருக்கா எடுத்தவை, பின்னேரம் நான் போய்க் கையெழுத்து வைத்து வாங்கினேன். ஐந்து நிமிட வேலை. நான் ஆசிரியர் பக்கம்தான்.

கரும்பலகை | பகல் 1:30
நன்றி. உலகத்தில் நாகரிகமான இடங்களில் ஆசிரியருக்குப் பாதுகாப்பு இருக்கிறது. இங்கேதான் ஆசிரியர் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கிறது.

காவிரிக்கரை | பகல் 1:42
பனங்காடு ஐயா, நீங்கள் ஆசிரியர் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்காகச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். அங்கே சட்டம் எழுதிவிட்டு எடுக்கிறார்கள். "நியாயமான முறையில்" என்ற சொல் அதிலேயே இருக்கிறது. பின்னேரம் போனீர்கள், கையெழுத்து, கையில் போன். இங்கே ஒரு துண்டுச் சீட்டு இல்லை. எந்தத் தேதியில் வாங்கினார்கள், எந்த நிலையில் வாங்கினார்கள் என்று ஒரு வரி இல்லை. அணைத்து இருந்ததா இல்லையா என்று கரும்பலகை என்னிடம் கேட்கிறார். அதை எழுதி வைத்திருக்க வேண்டியது வாங்கியவர்கள்.

பனங்காடு | பகல் 1:50
நான் உங்களுக்குச் சாட்சி சொல்லேல்லை. என்ர எழுத்தைத் திருப்பாதேங்கோ.

பின்பெஞ்சு | பகல் 2:05
ஆசிரியர்கள் வகுப்பில் போன் பார்ப்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. என் தங்கை பள்ளியில் பாடம் நடக்கும்போதே டீச்சர் போனை நோண்டுகிறார். அந்தப் போனை யார் வாங்கி வைப்பது?

கரும்பலகை | பகல் 2:20
நோண்டவில்லை தம்பி. வருகைப்பதிவே போன் செயலியில்தான் போட வேண்டும். எமிஸ் என்று ஒன்று இருக்கிறது, கேள்விப்பட்டிருக்கிறாயா? பிள்ளை வந்தானா, சீருடை வாங்கினானா, சைக்கிள் வாங்கினானா, எல்லாம் அதில் ஏற்ற வேண்டும், சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் சொந்தப் போன், எங்கள் சொந்த டேட்டா. அதைப் பார்த்துவிட்டு வாத்தியார் போன் நோண்டுகிறார் என்று எழுதுகிறாய்.

பின்பெஞ்சு | பகல் 2:24
தம்பி என்று கூப்பிடாதீர்கள், ஒருமையிலும் பேசாதீர்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள். நான் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கவில்லை.

கரும்பலகை | பகல் 2:27
2006-இல் ஏழாம் வகுப்பு என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அந்த வயதுக்குத் தம்பி என்று சொன்னது குற்றமா?

காவிரிக்கரை | பகல் 2:40
பார்த்தீர்களா எல்லோரும். இதுதான் விஷயம். எதிரில் இருப்பவர் எந்த வயதாக இருந்தாலும் இவர்களுக்குப் பிள்ளைதான். நான் மூன்று முறை போய் நின்றபோதும் அப்படித்தான். எனக்கு 47 வயது, விவசாயம் பார்க்கிறேன், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். ஸ்டாஃப் ரூம் வாசலில் என்னை நிற்க வைத்துப் பேசினார்கள், உள்ளே நாலு நாற்காலி காலியாக இருந்தது. என் மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போன் போனால் போகிறது, வேறு வாங்கலாம். அவள் அன்றைக்கு என் முகத்தைப் பார்த்த பார்வை போக மாட்டேன் என்கிறது.

கல்வி உரிமைச் சட்டம் 2009, 17-ஆம் பிரிவு. உடல் தண்டனை மட்டுமல்ல, மன உளைச்சலும் கூடாது என்கிறது. ஏழு மாதம் அந்தப் பீரோவைத் தினமும் பார்த்துக்கொண்டு படித்தாளே, அது என்ன?

சட்டப்புத்தகம் | பகல் 2:58
ஒரு சின்னத் திருத்தம். அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு வரைதான். 11-ஆம் வகுப்புக்கு அதை நேரடியாகச் சொல்ல முடியாது.

காவிரிக்கரை | பகல் 3:01
அப்படியென்றால் 15 வயது ஆனதும் உளைச்சல் கொடுக்கலாமா?

சட்டப்புத்தகம் | பகல் 3:03
நான் அப்படிச் சொல்லவே இல்லை.

கரும்பலகை | மாலை 5:45
பள்ளி முடிந்து இப்போதுதான் வந்தேன். கடைசியாக ஒரு கேள்வி. சேர்க்கைப் படிவத்தில் போன் கொண்டு வர மாட்டேன் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா இல்லையா?

காவிரிக்கரை | மாலை 5:52
போட்டேன். அதில் இருந்தது "வகுப்பறையில் கைப்பேசி பயன்படுத்தக் கூடாது". பயன்படுத்த. படிவத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. அணைத்து வைத்திருந்த போனை யாரும் பயன்படுத்துவதில்லை.

கரும்பலகை | மாலை 6:10
மறுபடியும் அதே. அணைத்து இருந்தது என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம்?

காவிரிக்கரை | மாலை 6:34
கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். மார்ச்சில் கடைக்காரர் வேறு பேட்டரி போட்டு உயிர் கொடுத்தார். கடைசி அழைப்பு ஆகஸ்டில் அன்று காலை 8:41, எனக்கு. "பஸ் ஏறிட்டேன்ப்பா" என்று சொல்லத்தான். அதன் பிறகு போகவும் இல்லை, வரவும் இல்லை.

கரும்பலகை | மாலை 6:41
யாரும் கூப்பிடவில்லை என்பதற்குத்தான் அது ஆதாரம். அணைத்து இருந்தது என்பதற்கு இல்லை.

காவிரிக்கரை | மாலை 6:43
அன்று சாயங்காலம் ஏழரையிலிருந்து ஒன்பது வரை நான் பதினேழு முறை கூப்பிட்டேன் ஐயா. ஒன்றுகூட அதில் ஏறவில்லை. அணைத்து இருந்தது.

கரும்பலகை | மாலை 6:50
பேட்டரி தீர்ந்திருக்கும்.